மாட்டுக்குப் பல்லைப் பார்... காருக்கு அடியைப் பார்!

பழவேற்காடு ஏரிக்கரையில் எஸ்.யூ.வி வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கும் சில எச்சரிக்கைகளும்

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் கேள்வியை மட்டும் தருகிறோம்.

'நான் ஏரியிலும் கடலிலும் தொழில் செய்கிறேன். மனைவி வழியில் பொன்னேரி பக்கம் 2 ஏக்கர் நெல் நிலம் இருக்கிறது. வீட்டில் 6 பேர். அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. மாதம் இரண்டு முறை சென்னை ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போகவேண்டும். போன மழைக்காலத்தில் ஒருநாள் ராத்திரி அவருக்கு மூச்சு முட்டியது. ஊருக்குள் வண்டி வந்துசேர 2 மணி நேரம் ஆனது. அந்த 2 மணி நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை. எனவே 7 பேர் உட்காரும் எஸ்.யூ.வி ஒன்று வாங்க முடிவு செய்திருக்கிறோம். காலையில் மீன் பெட்டியும் ஏற்றிக்கொள்ளலாம். மனைவியின் 8 பவுன் நகையை வைத்து முன்பணம் கட்டிவிட்டு, மீதிக்குக் கடன் வாங்கலாம் என்று யோசனை. புது வண்டி வாங்கலாமா, பழைய வண்டியா? எந்த வண்டி நல்லது?'

'எந்த வண்டி' என்பது கடைசியாகக் கேட்கவேண்டிய கேள்வி. அதற்கு முன்னால் மூன்று கேள்விகள் இருக்கின்றன. வண்டிக்கு என்ன வேலை? ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்? உப்பு அதை எத்தனை நாள் விட்டுவைக்கும்?

முதலில் கிலோமீட்டர் கணக்கு

பழவேற்காட்டிலிருந்து ஸ்டான்லிக்குப் போய்த் திரும்ப சுமார் 120 கிலோமீட்டர். மாதம் இரண்டு முறை என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,900. பொன்னேரி நிலம், கல்யாணம், கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் சேர்த்து 6,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

சாலைக்கு வரும்போது 10 லட்சம் ஆகும் புது வண்டி. 2 லட்சம் முன்பணம், 8 லட்சம் கடன், 10 சதவிகித வட்டி, 7 ஆண்டுகள். மாதத் தவணை சுமார் 13,280 ரூபாய். 7 ஆண்டுகளில் 8 லட்சம் கடனுக்கு நீங்கள் கட்டுவது 11 லட்சத்து 15 ஆயிரத்துக்கு மேல். வட்டி மட்டும் 3 லட்சத்தைத் தாண்டுகிறது.

ஓர் ஆண்டுச் செலவைப் பார்ப்போம். தவணை 1,59,000. இன்சூரன்ஸ் 25,000. சர்வீஸ் 12,000. டயருக்கு எடுத்துவைக்க 8,000. லிட்டருக்கு 15 கிலோமீட்டர், எரிபொருள் லிட்டர் 100 ரூபாய் என்றால் 40,000. மொத்தம் 2,44,000. இதை 6,000 கிலோமீட்டரால் வகுத்தால் கிலோமீட்டருக்கு 40 ரூபாய்க்கு மேல் வருகிறது. கடன் முடிந்தபின் வண்டிக்கு ஒரு விலை இருக்கும் என்பது உண்மைதான். ஆனால், 7 ஆண்டுகள் ஏரிக்கரையில் நின்ற வண்டிக்கு உள்ளூர் மைதானத்தில் நின்ற வண்டியின் விலை கிடைக்காது.

உங்கள் ஊரில் வாடகைக் கார்காரர் கிலோமீட்டருக்கு என்ன வாங்குகிறார் என்று விசாரித்து, இந்தத் தொகைக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். சொந்தக் கார் வேண்டாம் என்று சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ராத்திரியில் வாசலில் வண்டி நிற்பதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலை எவ்வளவு என்று தெரிந்துகொண்டு கொடுங்கள் என்கிறோம்.

இன்னொன்றையும் கணக்கில் சேர்க்கவேண்டும். தவணைக்கு மாதம் தவறாது. ஏரிக்கு மாதம் தவறும். பாடு எந்த நாளில் யாருக்கு விழும், முகத்துவாரம் மண் மூடினால் இறால் வரத்து என்ன ஆகும், வடகிழக்குப் பருவமழையில் எத்தனை நாள் கடலுக்குப் போகமுடியாது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. விசைப்படகுகளில் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். ஆகவே 6 மாதத் தவணைப் பணம் தனியாகக் கையில் இல்லாமல் வண்டிக் கடனில் இறங்காதீர்கள்.

காரில் மீன் பெட்டி ஏற்றலாமா?

கூடாது. இதற்கு இரண்டு காரணங்கள்.

முதல் காரணம் இன்சூரன்ஸ். உங்கள் கார் பாலிசியில் 'பயன்பாட்டு வரம்பு' என்று ஒரு பகுதி இருக்கும். வாடகைக்கு ஓட்டுவது, சொந்தச் சாமான் தவிர வியாபாரச் சரக்கு ஏற்றுவது ஆகியவை தனியார் கார் பாலிசியில் அடங்காது. மீன் பெட்டியோடு போகும்போது விபத்து நடந்தால் இழப்பீடு மறுக்கப்பட வாய்ப்பு உண்டு. வெள்ளை நம்பர் பலகை வண்டியை வாடகைக்கு விட்டால் போக்குவரத்துத் துறை அபராதமும் வரும்.

இரண்டாவது காரணம் உப்பு. ஐஸ் உருகி, மீன் தண்ணீரோடு கலந்து, தரைவிரிப்புக்கு அடியில் இறங்கினால் அது வெளியே போக வழியில்லை. கடல் காற்று வண்டியை வெளியிலிருந்து அரிக்கிறது. மீன் தண்ணீர் உள்ளிருந்து அரிக்கிறது. தரைத்தகடு மேலே பளபளப்பாக இருக்கும். காலால் அழுத்தினால் அமுங்கும்.

தினமும் மீன் ஏற்றும் வேலை இருந்தால் அதற்குச் சரக்கு வண்டியாகப் பதிவான சிறிய லோடு வண்டிதான் சரி. அது சம்பாதித்துத் தன் தவணையைத் தானே கட்டும். குடும்பக் கார் சம்பாதிக்காது. இரண்டையும் ஒரே வண்டியில் முடிக்கப் பார்த்தால், இரண்டுக்கும் உதவாத வண்டிதான் மிஞ்சும்.

உப்பு செய்யும் வேலை

சிலிகாவுக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. ஒருபக்கம் ஏரி, மறுபக்கம் கடல், நடுவில் குப்பங்கள். காற்றில் வரும் உப்பு, ஈரத்தை இழுத்துப் பிடித்துவைக்கும் குணம் கொண்டது. மழை இல்லாத நாளிலும் இரும்பின்மேல் ஈரம் காயாமல் இருப்பதற்கு அதுதான் காரணம். பெயின்ட் உரிந்த இடம், வெல்டிங் மூட்டு, போல்ட் தலை ஆகிய இடங்களில் துரு தொடங்கும்.

இதை எழுதுகிறவனுக்கும் இந்தப் பாடம் பட்டுத் தெரிந்ததுதான். சில ஆண்டுகளுக்கு முன் பழைய எஸ்.யூ.வி ஒன்றை வாங்கினேன். அடிப்பக்கம் முழுக்கப் புதுக் கறுப்புப் பூச்சு. 'நல்லா பராமரிச்சிருக்காங்க' என்று நானே மகிழ்ந்துகொண்டேன். எட்டாவது மாதம், ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே கையளவு ஓட்டை விழுந்தது. பூச்சைச் சுரண்டியபோது கீழே இரும்பு இல்லை. துருவும் ஒட்டுப் பசையும்தான் இருந்தன. விற்றவர் கடற்கரை ஊர்க்காரர் என்பதை நான் கேட்கவே இல்லை.

சந்தையில் மாடு பிடிக்கிறவர் முதலில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார். கொம்பில் பூசிய வண்ணத்தைப் பார்த்து ஏமாறமாட்டார். பழைய காருக்குப் பல் அதன் அடிப்பக்கத்தில் இருக்கிறது.

பழைய வண்டியில் பார்க்கவேண்டிய இடங்கள்

பகல் வெளிச்சத்தில், மழை இல்லாத நாளில் பாருங்கள். வண்டியை லிஃப்ட்டில் ஏற்றியோ, பள்ளத்தின்மேல் நிறுத்தியோ பாருங்கள். உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போங்கள். விற்பவர் சொல்லும் மெக்கானிக் வேண்டாம்.

1. கதவுகளின் அடி ஓரம், பின்கதவின் அடி ஓரம். விரலை உள்ளே விட்டுத் தடவுங்கள். பெயின்ட் கொப்பளித்திருந்தால் உள்ளே துரு ஓடியிருக்கிறது.

2. பின்பக்கத் தரைவிரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னி வைக்கும் குழியைப் பாருங்கள். தண்ணீர் தேங்கும் முதல் இடம் அதுதான்.

3. ஜாக்கி வைக்கும் இடங்கள், முன் சஸ்பென்ஷன் பொருத்தியிருக்கும் இடங்கள். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இரும்பு சொத்தென்று சத்தம் கொடுக்கும்.

4. பிரேக் ஆயில் போகும் குழாய்கள். இதில் செதில் செதிலாகத் துரு இருந்தால், மாற்றும்வரை அந்த வண்டியை ஓட்டாதீர்கள்.

5. பேட்டரி முனைகள், ஃப்யூஸ் பெட்டி, ஒயர் இணைப்புகள். பச்சை அல்லது வெள்ளைப் பொடி படிந்திருந்தால் உப்பும் ஈரமும் உள்ளே புகுந்திருக்கின்றன.

6. அடியில் புதிதாகப் பூசிய கறுப்புப் பூச்சு. ஓர் ஓரத்தில் சுரண்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

வண்டியின் அமைப்பையும் தெரிந்துகொள்ளுங்கள். பொலேரோ, ஸ்கார்பியோ போன்றவற்றில் லாரியைப்போலத் தனிச் சேசிஸ் இருக்கும். அதன்மேல் உடல் உட்காரும். பிரெஸ்ஸா, நெக்ஸான் போன்றவற்றில் தனிச் சேசிஸ் கிடையாது, உடலே எலும்புக்கூடு. இரண்டாவது வகையில் தரையும் ஓரப் பட்டைகளும் அரித்தால் வண்டியின் பலமே போய்விடும். தகடு வைத்து ஒட்டினால் பழைய பலம் வராது. முதல் வகையில் உடலைச் சரிசெய்யலாம். ஆனால், சேசிஸ் சட்டத்தில் துளை இருந்தால் அதையும் தொடாதீர்கள்.

வெள்ளத்தில் முங்கிய வண்டி

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் ஏராளமான கார்கள் நீரில் மூழ்கின. அப்படிப்பட்ட வண்டிகள் துடைத்து, மெருகேற்றி மீண்டும் சந்தைக்கு வருவது வழக்கம். விலை ஆச்சர்யப்படும்படி குறைவாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் வண்டி முங்கியது நிச்சயம். இருக்கைக்கு அடியில் உள்ள தண்டவாளமும் போல்ட்டும் துருப்பிடித்திருக்கிறதா, ஹெட்லைட்டுக்குள் நீர்க்கோடு இருக்கிறதா, தரைவிரிப்பில் பூஞ்சை வாடை வருகிறதா என்று பாருங்கள். வாடையை மறைக்க நறுமணப் புட்டி நாலைந்து தொங்கினால் அதுவும் ஓர் அடையாளம்தான்.

காகிதம் சரியாக இருந்தால்தான் வண்டி உங்களுடையது

தடா, சூலூர்பேட்டை எல்லாம் பக்கத்திலேயே இருப்பதால், ஆந்திரப் பதிவு வண்டி குறைந்த விலைக்கு வரும். அந்த வண்டி இங்கே 12 மாதங்களுக்கு மேல் இருந்தால் தமிழ்நாட்டுப் பதிவு எண் வாங்கவேண்டும். அதற்கு அங்கிருந்து தடையில்லாச் சான்று தேவை. இங்கே சாலை வரியும் கட்டவேண்டும். இந்தத் தொகையைச் சேர்த்தபிறகும் விலை குறைவாக இருக்கிறதா என்று பாருங்கள்.

பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, பதிவு விவரம், இன்சூரன்ஸ் காலம், கடன் இருக்கிறதா என்பதைப் பாருங்கள். கடன் முடிந்திருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வாங்கிய 14 நாள்களுக்குள் இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள்.

'பேர் அப்புறம் மாத்திக்கலாம்' என்ற பேச்சு வேண்டாம். வண்டி கை மாறினாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வண்டியை விற்கிறவர்களும் இதை மனதில் வையுங்கள்.

புது வண்டி என்றால்...

2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டருக்குள் நீளமும், பெட்ரோலில் 1,200 சி.சி அல்லது டீசலில் 1,500 சி.சி வரை இன்ஜினும் உள்ள கார்களுக்கு ஜி.எஸ்.டி 18 சதவிகிதம். அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவிகிதம். தமிழ்நாட்டின் சாலை வரி, 2023 நவம்பர் முதல் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை மதிப்புள்ள காருக்கு 13 சதவிகிதம். 10 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவிகிதம். 9.80 லட்சம் மதிப்புள்ள வண்டிக்கு வரி 1,27,400 ரூபாய். 10.20 லட்சம் என்றால் 1,83,600. சன்ரூஃபுக்கும் பெரிய திரைக்கும் ஆசைப்பட்டு இந்தக் கோட்டைத் தாண்டினால் வரியில் மட்டும் 56,000 ரூபாய் கூடுதலாகப் போகும்.

டீசலா, பெட்ரோலா? 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்-6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அவ்வப்போது நெடுஞ்சாலையில் நல்ல வேகத்தில் ஓடினால்தான் அது சுத்தமாகும். குப்பத்துக்கும் கடைத்தெருவுக்கும் மட்டுமே ஓடினால் அடைத்துக்கொள்ளும். ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்குப் பெட்ரோலே போதும்.

2019 ஜூலைக்குப் பிறகு தயாரான கார்களில் ஏ.பி.எஸ் பிரேக்கும், ஓட்டுநருக்கு ஏர்பேக்கும் கட்டாயம். பழைய வண்டி வாங்கினாலும் அதற்குப் பிந்தையதாகப் பாருங்கள். பின்னால் பக்கவாட்டில் எதிரெதிராக உட்காரும் இருக்கைகள் கொண்ட பழைய 7 சீட் வண்டிகள் உண்டு. அங்கே சீட் பெல்ட் இருக்காது. அந்த இடத்தில் குழந்தைகளையோ, நோயாளியையோ உட்கார வைக்காதீர்கள்.

வாசகருக்கு எங்கள் பதில்

நகையை வைத்துப் புது வண்டி வாங்கவேண்டாம். வீட்டில் நோயாளி இருக்கும்போது அந்த 8 பவுன்தான் உங்கள் அவசரக் கையிருப்பு. ராத்திரியில் மருத்துவமனை வாசலில் காரை நிறுத்தி, கையில் பணம் இல்லாமல் நிற்கும் நிலை வரக்கூடாது.

ஸ்டான்லிக்குப் போகும் இரண்டு நாளும் முன்கூட்டியே தெரிந்த நாள்கள். ஒரே வாடகைக் கார்காரரிடம் மாதக் கணக்குப் பேசிக்கொள்ளுங்கள். ராத்திரி அழைத்தாலும் வரவேண்டும் என்பதையும் அந்தப் பேச்சில் சேருங்கள். மூச்சுத் திணறல் என்றால் முதல் அழைப்பு 108-க்குத்தான். ஆக்ஸிஜன் ஆம்புலன்ஸில் இருக்கிறது, எந்த எஸ்.யூ.வி-யிலும் இல்லை. 108 வருவதற்குள் மருத்துவமனைப் பக்கம் நகர ஒரு வண்டி வேண்டும் என்றால், தெருவில் 4, 5 குடும்பங்கள் சேர்ந்து கார் வைத்திருப்பவர் ஒருவரோடு ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

ஓர் ஆண்டு இப்படி நடத்திப் பாருங்கள். தவணைக்குப் போயிருக்கும் பணத்தில் மாதம் 10,000 ரூபாயைத் தனியாகச் சேமித்தால், ஆண்டு முடிவில் 1,20,000 இருக்கும். எந்த மாதத்தில் சேமிக்க முடியவில்லை என்பதும் தெரிந்துவிடும். தடையில்லாமல் சேமிக்க முடிந்தால், கடலோரம் அல்லாத ஊரில் ஓடிய, 2019-க்குப் பிந்தைய பெட்ரோல் வண்டியைக் குறைந்த கடனில் வாங்குங்கள். சேமிக்க முடியாத மாதங்கள் நிறைய இருந்தால், தவணையையும் கட்ட முடிந்திருக்காது என்று அர்த்தம்.

நீங்கள் கேட்டவை

'வீட்டு போர் தண்ணீரில் காரைக் கழுவலாமா?'

மீஞ்சூர் தொடங்கிக் கடலோரம்வரை நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்திருப்பது பல ஆண்டுகளாகத் தெரிந்த விஷயம். உப்புத் தண்ணீரில் கழுவினால் உப்பைப் பூசியதாகத்தான் ஆகும். குடிக்க முடியாத தண்ணீரைக் காரில் ஊற்றாதீர்கள். சேமித்த மழைநீர் நல்லது. மேலே துடைத்தால் போதாது. வாரம் ஒருமுறை அடிப்பக்கத்திலும் சக்கர வளைவுகளிலும் நல்ல தண்ணீர் பீய்ச்சுங்கள்.

'தார்ப்பாய் போட்டு மூடிவைத்தால் துரு பிடிக்காதா?'

காற்றுப் புகாத தார்ப்பாய் ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கும். நாலு பக்கமும் காற்றோடும் ஓலைக் கொட்டகையே மேல். துருத் தடுப்புப் பூச்சை வண்டி புதிதாக இருக்கும்போதே அடிவது நல்லது. துருவின்மேல் பூச்சு அடித்தால் துரு உள்ளே வளரும்.

'மணலில் டயர் புதைந்தால் என்ன செய்வது?'

எஸ்.யூ.வி என்று பெயர் இருந்தாலும், குடும்பக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு சக்கரத்துக்கு மட்டும்தான் இழுவை. ஆக்ஸிலேட்டரை அழுத்த அழுத்த இன்னும் புதையும். டயர் காற்றை 18 முதல் 20 பி.எஸ்.ஐ வரை குறையுங்கள். சக்கரத்துக்கு முன்னால் மணலை அள்ளிவிட்டு, தென்னை மட்டையோ சாக்கோ போட்டு, மெதுவாக எடுங்கள். தார் சாலை வந்ததும் காற்றை நிரப்பிவிட்டுத்தான் வேகம் பிடிக்கவேண்டும். அலை தொடும் ஈரமணலில் காரை இறக்கவே கூடாது.

'புயல் எச்சரிக்கை வந்தால் காரை என்ன செய்வது?'

தண்ணீர் ஏறும் முன்பே மேட்டுப் பகுதிக்குக் கொண்டுபோய் நிறுத்துங்கள். மரத்தடியும் மின்கம்பத்தடியும் வேண்டாம். ஒருவேளை முங்கிவிட்டால், தண்ணீர் வடிந்ததும் 'ஓடுதா பார்ப்போம்' என்று சாவியைத் திருகாதீர்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் உடையும். தனியாக இன்ஜின் பாதுகாப்பு எடுக்காத பாலிசிகளில் அந்தச் செலவு பொதுவாகக் கிடைக்காது. பேட்டரி இணைப்பைக் கழற்றி, போட்டோ எடுத்து, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, கட்டி இழுத்துத்தான் பட்டறைக்குக் கொண்டுபோகவேண்டும்.